எறும்பு ஏறிய மாடிப்படி

‘விழித்தெழும் வட்டாரத்தில் வேரூன்றிய வாழ்வு! மூன்று குடும்பங்களுக்கான பாரம்பரிய இல்லம், முற்றிலும் புதுப்பிக்கப்பட்டது. காலியாக உள்ளது. உடனே குடியேறலாம்!’

வழவழப்பான காகிதத்தில் அச்சடித்திருந்த இந்த விளம்பரத்தைக் குண்டூசி உரக்கப் படித்து முடித்தாள். வட்டாரம் இத்தனை காலம் தூங்கிக்கொண்டிருந்த விஷயத்தை, அங்கே விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து காய்கறி வண்டி தள்ளியவர்களிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. இப்போது அவர்களும் இல்லை, வண்டியும் இல்லை. தெருவின் பெயரைக்கூட மாற்றி, வீடுகளுக்கெல்லாம் புது நம்பர் ஒட்டிவிட்டார்கள்.

“பாஸ், ‘காலியாக உள்ளது’ன்னு மட்டும் கொட்டை எழுத்துல போட்டிருக்கான்.”

“காலியா இருந்தாத்தானே வாங்க முடியும்?” என்றார் வீட்டுக்காரர்.

வீட்டுக்காரர் ஒரு பேராசிரியர். நகரத்தில் ஏழைக்கு உள்ள இடம் எது என்று இருநூற்றெண்பது பக்கத்தில் புத்தகம் எழுதியவர். கூடத்து அலமாரியில் அதன் பதினோரு பிரதிகள் அட்டை தெரிய நின்றன. ஏழைக்கு இடம் கிடைத்ததோ இல்லையோ, புத்தகத்துக்குக் கிடைத்திருந்தது.

மணி ஏழரை. பேராசிரியர் ஒரு மரப்பலகையில் சர்க்கரைப் பொடி தூவிய பன் ஒன்றை, ஆபரேஷன் செய்கிற பக்குவத்தோடு வெட்டிக்கொண்டிருந்தார். எதிரே துப்பறிவாளர். முகத்தில் வேறு எதையும் பார்க்கவிடாத நீளத்துக்கு வளர்ந்துவிட்ட உறுப்பை வைத்து, ஊரெல்லாம் அவருக்கு மூக்கு சார் என்று பெயர். அவருடைய ஆபீஸ் போர்டில் ‘இருபத்துநாலு மணி நேரமும் இமைக்காத கண்கள்’ என்று எழுதியிருக்கும். எழுதித் தந்தவள் அவருடைய உதவியாளர் குண்டூசி. முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் டைப் அடித்தவள். வயது முப்பத்தைந்து. பேச்சின் குத்தலால் அந்தப் பெயர் வாங்கியவள்.

“ஒரு வீட்டை ஒருதரம் பார்த்தேன்னா ஆயுசுக்கும் மறக்க மாட்டேன் சார்” என்று மூக்கு சார் சுவரையும் கூரையையும் நிதானமாக அளந்தார். “இந்த வீட்டை இன்னிக்குத்தான் பார்க்கறேன். ஆனா இதோட ஜாதகத்தையே சொல்லிடுவேன். விஷயத்தைச் சொல்லுங்க.”

“மேல் மாடிக்கு யாரோ வந்துட்டுப் போறாங்க” என்றார் பேராசிரியர். “கீழே நான் இருக்கேன். நடு மாடியும் மேல் மாடியும் காலி. திங்கட்கிழமை ரெண்டுக்கும் குடி வர்றாங்க. தினமும் எட்டு மணிக்குக் காலேஜுக்குப் போயிட்டு ரெண்டு மணிக்கு வர்றேன். வந்து பார்த்தா மேல் மாடி பாத்ரூம் ஈரமா இருக்கு. முன்வாசல் பூட்டை மூணு தரம் மாத்திட்டேன். கடைசியா நம்பர் அமுக்கற பூட்டு.”

“என்ன திருடு போச்சு?”

“ஒண்ணுமே போகலை. அதுதான் பயமா இருக்கு. திருடன்னா திருடணும் இல்லையா? ஒரு ஒழுங்கு வேண்டாமா?”

“நியாயந்தான்” என்றாள் குண்டூசி. “கடமை தவறின திருடன்.”

பேராசிரியர் அவளைக் கவனிக்காததுபோல் கவனித்தார். “இன்னிக்குச் சாயங்காலம் போலீஸ்ல புகார் குடுக்கப் போறேன். யாருன்னு நீங்க சொல்லணும். ஆள் உள்ளே போயிடணும், அவ்வளவுதான்.”

“வேற ஏதாவது வித்தியாசமா?”

“இதுக்குச் சம்பந்தமில்லாத தொல்லைகள்தான். பின்பக்க மாடிப்படியில தினமும் வெள்ளைத் தூசி. புதுப்பிச்சவர்கிட்ட கேட்டேன். ஒரு வருஷத்துக்கு பிளாஸ்டர் தூசி உதிரத்தான் செய்யும்னார். அப்புறம் எறும்பு. மருந்தடிக்கிறவர் ரெண்டு தரம் வந்தாச்சு. வீடு பூரா இல்லை, ரெண்டே இடத்துலதான். இந்தப் பலகையில ஒண்ணு. பின்பக்கப் படியில ஒண்ணு.”

மூக்கு சாரின் மூக்கு லேசாக உயர்ந்தது.

“குண்டூசி, எறும்புக்கு பிளாஸ்டர் பிடிக்குமா?”

“பல்லு போயிடும் பாஸ்.”

“சார், தூசிக்கு ஒருத்தரைக் கூப்பிட்டீங்க, எறும்புக்கு ஒருத்தரைக் கூப்பிட்டீங்க. எறும்பு எதைத் தூக்கிட்டுப் போகுதுன்னு குனிஞ்சு பார்க்க யாரையும் கூப்பிடலை.” அவர் பலகையில் உதிர்ந்திருந்த வெள்ளைப் பொடியை ஒற்றை விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார். “பன் எங்கே வாங்கறீங்க?”

“பின் சந்து பேக்கரி. இந்த வட்டாரத்தோட ஆன்மா அங்கேதான் மிச்சமிருக்கு” என்றார் பேராசிரியர், வாயில் ஆன்மாவோடு. பிறகு மணி பார்த்து, பையை எடுத்துக்கொண்டு காலேஜுக்குக் கிளம்பினார். அன்று அவருக்குக் கருத்தரங்கம். பொருள்: இடம்பெயர்ந்தோர்.

பின்பக்கப் படி வீட்டுக்கு வெளியே, சந்திலிருந்து நேராக மேல் மாடிக்கு ஏறியது. ஏழாவது படியில் எறும்புகள் சாரை போட்டுக்கொண்டிருந்தன. உச்சியில் ஒரு பழைய மரக்கதவு. புது வார்னிஷ், பழைய பித்தளைப் பூட்டு. அந்தப் பூட்டைப் பற்றி விளம்பரத்தில் தனியாக ஒரு வரியே இருந்தது: ‘நூற்றாண்டு அழகு, அப்படியே பாதுகாக்கப்பட்டது.’

“முன்வாசலுக்கு மூணு பூட்டு, பின்வாசலுக்கு ஒரு அழகு” என்றாள் குண்டூசி. “அழகுக்கு வெச்ச பூட்டுக்கும் சாவி இருக்கும்னு யாருக்கும் தோணலையா பாஸ்?”

“பழசுன்னு விளம்பரம் பண்ணிட்டா, அது வேலை செய்யும்னு மறந்து போயிடும். வா, பன் சாப்பிடலாம்.”

பேக்கரியில் கல்லாவில் உட்கார்ந்திருந்த பெண் ஒரே நேரத்தில் பொட்டலம் கட்டி, சில்லறை கொடுத்து, போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். குண்டூசி ஒரு பன்னைக் கடித்து, “இதைச் செய்யற கையைப் பார்க்கணுமே!” என்றாள்.

“மாஸ்டர் அண்ணனையா? இப்பத்தான்க்கா போனாரு. ராத்திரி பத்துக்கு வந்து காலையில அஞ்சுக்கு முடிச்சிடுவாரு. அப்புறம் எட்டு மணி வரைக்கும் பின்னாடி மாவு மூட்டை மேல உட்கார்ந்திருப்பாரு.”

“வீட்டுக்குப் போக மாட்டாரா?”

“அதை ஏன் கேக்கறீங்க! ‘போய்ப் படுண்ணா’ன்னா, ‘வீட்டுல ஆள் இருக்காங்கம்மா, எட்டு மணிக்குக் கிளம்பிடுவாங்க’ம்பாரு. யாரோ சொந்தக்காரங்க போல. வந்து அஞ்சு மாசமாச்சு. நகரவே மாட்டேங்கறாங்களாம்.”

குண்டூசிக்குப் புரையேறியது. பேராசிரியர் அந்த வீட்டை வாங்கிக் குடிவந்து சரியாக ஐந்து மாதம்.

“வீடு எங்கேம்மா?” என்றார் மூக்கு சார்.

“பின்பக்கத்து வீடுதான் சார், மேல் மாடி. இருபத்திரண்டு வருஷமா அங்கேதான் இருக்காரு.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “நடுவுல ஒரு ஆறேழு மாசம் சரியாவே தூங்கலை மனுசன். அடுப்படியில கண்ணு அசந்து, தட்டு சாஞ்சு கை வெந்து போச்சு. இன்னொரு தரம் அசந்தா வேற ஆளைப் பார்த்துப்பேன்னு முதலாளி சொல்லிட்டாரு. இப்போ கொஞ்சம் தேவலை. தூங்கறாரு போல.”

திரும்பி நடக்கையில் குண்டூசி, “கேஸ் முடிஞ்சது பாஸ்” என்றாள். ஆனால் வழக்கம்போல் குதிக்கவில்லை. “பொருளைத் திருடலை. தூங்கிட்டுப் போறார்.”

“அதுக்குச் சட்டத்துல அத்துமீறல்னு பேர்.”

“தூங்கினவரை உள்ளே போட்டா, அங்கேயாவது தூங்க விடுவாங்களா?”

கேஸ் முடிந்த நாளில் மூக்கு சாருக்கு வழக்கமாக வருகிற கம்பீரமான தொண்டைச் செருமல் அன்று வரவில்லை.

மேல் மாடிக் கதவு தொட்டதும் திறந்தது. உள்ளே புது மரத்தரை கண்ணாடிபோல் பளபளத்தது. அதில் கீறல் விழக்கூடாதே என்று செருப்பைக் கவிழ்த்து ஒரு செய்தித்தாளின் மேல் வைத்திருந்தது. பக்கத்தில் பிரித்துப் போட்ட மாவு சாக்கு. அதன்மேல், சட்டையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு, ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். இடது கையில் முழங்கைவரை தீக்காயத் தழும்பு. அறை இருட்டு. ஜன்னலை ஒரு தடித்த கம்பளி மூடியிருந்தது, நாலு மூலையிலும் ஆணி. பெயிண்ட் புதுசு, ஆணி பழசு.

வெளிச்சத்துக்காக மூக்கு சார் கம்பளியின் ஒரு ஓரத்தைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

“என்ன பாஸ்?”

“இங்கே வா.”

தெருவுக்கு எதிர்ப்புறம் ஒரு காப்பிக் கடை. கண்ணாடிச் சுவர், தொங்கும் விளக்குகள். வாசலில் ஒரு கல் பெஞ்சு, ஒரு கால் உடைந்து செங்கல் முட்டுக் கொடுத்தது. அதையும் பாதுகாத்திருந்தார்கள், சுற்றிக் கயிறு கட்டி, ‘அமர வேண்டாம்’ என்று அட்டை மாட்டி.

“நம்ம டீக்கடை பெஞ்சு” என்றாள் குண்டூசி மெதுவாக.

“ஒரு வருஷம் மூணு மாசத்துக்கு முன்னாடி” என்றார் மூக்கு சார். “பத்து நாள். ‘மேல் மாடியில ஆள் இருக்கா இல்லையான்னு பார்த்துச் சொல்லுங்க’ன்னு புதுப்பிக்கிற கம்பெனிக்காரன் வந்தான். இந்த ஜன்னலைத்தான் பார்த்துட்டிருந்தோம்.”

“அப்போ அழுக்கு மஞ்சள் பெயிண்ட் பாஸ். தெருவுக்கு வேற பேர்.”

“ஒருதரம் பார்த்த வீட்டை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்னு சொன்னேனே” என்றார் மூக்கு சார். அந்த வாக்கியத்தை எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல் நின்றார். “டீக்கடை எத்தனை மணிக்குத் திறப்பான்?”

“ஆறு. ராத்திரி ஒன்பதுக்கு மூடுவான்.”

“மூடினப்புறம் நாம எங்கே உட்கார்ந்தோம்?”

குண்டூசி தரையைப் பார்த்தாள். “வீட்டுக்குப் போயிட்டோம் பாஸ்.”

“இவர் ஒன்பதரைக்குக் கிளம்பி அஞ்சரைக்கு வந்திருக்கார்.”

“இந்தப் பக்கம் அரைமணி, அந்தப் பக்கம் அரைமணி” என்றாள் அவள். “ஜன்னல் எப்பவும் மூடியே இருந்தது. மூடின ஜன்னலுக்குப் பின்னாடி ஆள் தூங்குவான்னு தோணலை. ரிப்போர்ட்ல, ‘பத்து நாளும் இருபத்துநாலு மணி நேரமும் கண்காணித்ததில்’னு நான்தான் அடிச்சேன். போர்டுல இருக்கறதை அப்படியே. சும்மா, ஒரு கெத்துக்கு.”

“கையெழுத்து என்னுது.”

“அந்த ரிப்போர்ட்டோட நகலை நோட்டீசோட சேர்த்துக் குடுத்தாங்க, வெச்சிருக்கேன் சார்” என்றது ஒரு குரல்.

ரொட்டி மாஸ்டர் எழுந்து உட்கார்ந்திருந்தார். பயப்பட்டவராகத் தெரியவில்லை. பயப்படுவதற்கு வேண்டிய விழிப்பு அவரிடம் இல்லை. கண்கள் செங்கல் நிறம்.

“எப்போலேர்ந்து முழிச்சிருக்கீங்க?” என்றாள் குண்டூசி.

“வெளிச்சம் பட்டதும் முழிச்சேன்மா.” அவர் கையைத் தரையில் ஊன்றிக்கொண்டார். “வீடு காலின்னு முடிவு பண்ணி நோட்டீஸ் குடுத்தாங்க. நான் வாடகைக் கோர்ட்டுல நேர்ல போய் நின்னேன். ‘இருக்கேங்க, இதோ நிக்கறேன்’னு சொன்னேன். ‘இருக்கீங்கன்னு சாட்சி இருக்கா’ன்னாங்க. கீழ் வீட்டுக்காரங்க, நடு வீட்டுக்காரங்க எல்லாம் முன்னாடியே போயிட்டாங்க. கம்பெனிக்காரங்ககிட்ட உங்க காகிதம் இருந்துச்சு. என்கிட்ட நான்தான் இருந்தேன்.”

மூக்கு சார் கம்பளியை விட்டுவிட்டு, அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“அப்புறம் ஒரு தகர ஒர்க்‌ஷாப்புக்கு மேல ரூம். ராத்திரி அமைதியாத்தான் இருக்குமாம். ராத்திரி நான் எங்கே இருக்கேன் அங்கே? பகல் பூரா தகரம் வெட்டுவாங்க.” தழும்பைத் தடவிக்கொண்டார். “ஒரு நாள் இந்தப் பக்கம் வந்தப்போ பழைய சாவியைப் போட்டுப் பார்த்தேன். திறந்துச்சு. தப்புன்னு தெரியும் சார். எதையும் தொடலை. கம்பளியையும் சாக்கையும் தினமும் கழட்டி எடுத்துட்டுப் போயிடுவேன். குளிச்சா துடைச்சு விட்டுடுவேன், சில நாள் நேரமாயிடும்.”

“மன்னிச்சிடுங்கன்னு சொல்றதுக்குக்கூட எனக்கு…” என்று ஆரம்பித்தார் மூக்கு சார்.

“அது இருக்கட்டும். ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன், யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியலை.” குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். “பத்து நாள் எதிர்லயே உட்கார்ந்திருந்தீங்களே. ஒரு நாள் மேல வந்து கதவைத் தட்டியிருக்கலாமே சார்?”

குண்டூசி கைப்பையிலிருந்து காகிதமும் பேனாவும் எடுத்தாள்.

“போலீசைக் கூப்பிடறதா இருந்தா ஒரு மணிக்கு மேல கூப்பிடுங்க” என்றார் மாஸ்டர். “அது வரைக்கும் தூங்கிக்கறேன். இல்லேன்னா ராத்திரி அடுப்புகிட்ட நிக்க முடியாது. ஒரு மணிக்கு எழுப்பி விட்டுடுங்க. ரெண்டு மணிக்கு அவரு வந்துடுவாரு.”

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மூக்கு சார் கம்பளியின் ஓரத்தை ஆணியில் மாட்டினார். மூன்று முறை சரிபார்த்தார், ஒரு கீற்று வெளிச்சம்கூட வராதவரை. பிறகு இருவரும் வெளியே வந்து, கதவைச் சாத்தி, படியில் உட்கார்ந்தார்கள்.

நாலு மணி நேரம் உட்கார்ந்தார்கள். டீக்கடை கிடையாது, பெஞ்சு கிடையாது. கீழே சந்தில் ஹாரன் அடித்த ஒரு சைக்கிள் வண்டிக்காரனை மூக்கு சார் இறங்கிப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார். குண்டூசி மடியில் காகிதம் வைத்துக் கையாலேயே எழுதினாள். அடித்தாள், எழுதினாள். மூக்கு சார் படித்து, கையெழுத்துப் போட்டார்.

“லைசென்ஸ் போயிடும் பாஸ்” என்று கிசுகிசுத்தாள்.

“போகட்டும். டீக்கடை வெச்சுக்கலாம்.”

“இருபத்துநாலு மணி நேரமும் திறந்து வைக்கணும்.”

அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

பன்னிரண்டரைக்குப் பேராசிரியர் வந்துவிட்டார். இடம்பெயர்ந்தோரைப் பற்றிச் சீக்கிரமே பேசி முடித்துவிட்டார்கள். படியேறும்போதே, “ஆள் அகப்பட்டானா?” என்று முழங்கினார்.

“உஷ்!” என்றார்கள் இருவரும்.

“என்ன உஷ்? என் வீடு இது!”

“வீடு உங்களுதுதான் சார்” என்றார் மூக்கு சார் தாழ்ந்த குரலில். “காலியா இல்லை, அவ்வளவுதான். உள்ளே ஒருத்தர் தூங்கறார்.”

“யாரு?”

“மேல் மாடி வாடகைதாரர். இருபத்திரண்டு வருஷமா. காலையில நீங்க சாப்பிட்ட பன்னைச் செஞ்சவர்.”

குண்டூசி காகிதத்தை நீட்டினாள். பேராசிரியர் படித்தார். இன்ன தேதியில் தந்த ரிப்போர்ட் பொய் என்றும், கண்காணித்தது காலை ஆறிலிருந்து இரவு ஒன்பதுவரை மட்டுமே என்றும், அந்தப் பத்து நாளும் மேல் மாடியில் ஒருவர் வசித்தார் என்றும், இதை வாடகை நீதிமன்றத்தில் எப்போது கேட்டாலும் வந்து சொல்வதாகவும் அதில் இருந்தது. அலங்காரமாக ஒரு வார்த்தை கிடையாது. குண்டூசி எழுதியதிலேயே மோசமான நடை.

“இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?” என்றார் பேராசிரியர். “காலின்னுதானே எழுதியிருந்தது! நான் நம்பிக்கையோட வாங்கினவன்…”

“வீடு பார்க்க வந்தப்போ மேல் மாடிக்கு ஏறினீங்களா சார்?” என்றாள் குண்டூசி. கேள்வியில் குத்தல் இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

பேராசிரியர் இரண்டு படி கீழே உட்கார்ந்தார். காலேஜ் பை சரிந்தது. எறும்புச் சாரையில் படாமல் காலை நகர்த்திக்கொண்டார்.

“புதுப்பிக்கறதுக்கு முன்னாடி ஒருதரம் ஏறினேன்” என்றார். “கதவு சாத்தியிருந்தது. வெளியே ஒரு ஜோடி செருப்பு. தேய்ஞ்சது, ஆனா துடைச்சு வெச்சிருந்தது. இது யாரோடதுன்னு கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்தது.”

“கேட்டீங்களா?”

“டைல்ஸ் எந்தக் கலர்னு கேட்டேன்.”

அவர் தன் புத்தகத்திலிருந்து எதையும் மேற்கோள் காட்டவில்லை. அன்று அவர் செய்த ஒரே நல்ல காரியம் அது. கொஞ்ச நேரம் கழித்து, திங்கட்கிழமை குடி வரவிருந்தவர்களில் ஒருவருக்குப் போன் போட்டு, மேல் மாடி காலி இல்லை என்று சொன்னார். அந்தப் பக்கம் ஏதோ சத்தம் போட்டார்கள். “ஆமா, காலின்னுதான் சொன்னேன்” என்றார் பேராசிரியர். “பார்க்காம சொல்லிட்டேன்.”

கீழே எங்கோ கடிகாரம் ஒரு மணி அடித்தது.

மூக்கு சார் எழுந்தார். உட்கார்ந்தே மரத்துப்போன கால் தடுமாற, குண்டூசி தோளைக் கொடுத்தாள். கதவு பூட்டியிருக்கவில்லை. தள்ளினால் திறந்துவிடும். அவர் தள்ளவில்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். காகிதத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையை உயர்த்தினார்.

ஒரு வருஷம் மூன்று மாசம் தாமதமாக, மூக்கு சார் கதவைத் தட்டினார்.